பனி பொழியும் நாட்களில் வீட்டுக்குள் ஆறுதல் தரும் அமைதியான பொழுதுபோக்குகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளியே பனி குவிந்து, நாள்கணக்கில் வீட்டுக்குள்ளேயே இருக்க நேரும் குளிர்காலத்தை எப்படிக் கழிப்பது என்று கேட்பவர்கள் வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கப்பட்டுள்ளது. முன்பயிற்சியும் பெரிய கருவிகளும் தேவைப்படாத, சத்தமில்லாமல் கைகளால் செய்யக்கூடிய வேலைகளுக்கே இதில் முதலிடம் தரப்பட்டிருக்கிறது.

குளிர்காலத்தில் வீட்டுக்குள் இருந்தால் மனம் ஏன் இவ்வளவு சீக்கிரம் சோர்ந்துவிடுகிறது?

முதல் காரணம் வெளிச்சக் குறைவு. வட அரைக்கோளத்தில் டிசம்பர் 21 அல்லது 22ஆம் நாளில் பகல் மிகவும் குறுகிவிடுகிறது. அதற்கு முன்னும் பின்னும் பல வாரங்களுக்கு மாலை வெகு சீக்கிரம் இருட்டிவிடும். மேகம் மூடிய பகலில்கூட வெளியே ஆயிரம் லக்ஸுக்கு (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் வெளிச்சம் இருக்கும்போது, விளக்கு எரியும் வீட்டு அறையில் பெரும்பாலும் சில நூறு லக்ஸ்தான் கிடைக்கும். உறக்கத்தையும் விழிப்பையும் ஒழுங்குபடுத்தும் உடலின் உள்கடிகாரம் காலை வெளிச்சத்தை நம்பியே இயங்குவதால், அது குறையும்போது உடலும் மனமும் மந்தமாகிவிடுகின்றன.

இரண்டாவது காரணத்தைப் பலரும் கவனிப்பதில்லை. வேலைக்குப் போவது, கடைக்குப் போவது, தெருவில் நாலு பேரைப் பார்த்துப் பேசுவது ஆகியவை குறைந்துவிட்டால், நேற்றைக்கும் இன்றைக்கும் வேறுபாடே தெரியாமல் போய்விடுகிறது. நாட்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும் அந்த உணர்வுதான் குளிரைவிட அதிகமாக மனத்தை வாட்டுகிறது. நேற்று பத்து வரிசை பின்னியிருந்த துண்டு இன்று இருபது வரிசையாக வளர்ந்து மேசைமேல் கிடக்கும்போது, இன்றைய நாள் வீணாகக் கழியவில்லை என்பதற்கு அது கண்ணெதிரே சாட்சியாக இருக்கிறது. அமைதியான பொழுதுபோக்குகள் தரும் ஆறுதலின் பெரும்பகுதி இங்கிருந்துதான் வருகிறது என்பது என் உறுதியான எண்ணம். பின்வரும் பரிந்துரைகளுக்கெல்லாம் இதுவே அடிப்படை.

அப்படியானால் எந்தப் பொழுதுபோக்கைத் தேர்ந்தெடுப்பது?

செய்த அளவு மறுநாள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பாதியில் நிறுத்தினால் கெட்டுப்போகக் கூடாது. எடுத்து வைக்கவும் மூடி வைக்கவும் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. இவற்றில் மூன்றாவது நிபந்தனையே பலருடைய ஆர்வத்தை நிலைக்கவோ கலையவோ செய்கிறது. அலமாரியின் மேல்தட்டில் பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கிவைத்த வண்ணங்களை இறக்கி எடுத்து வரைய எந்த மாலையிலும் மனம் வராது; ஜன்னலோர மேசையில் ஒரு தட்டில் திறந்தே கிடந்தால் தேநீர் ஆறுவதற்குள் ஒரு கோடாவது போட்டுவிடுவோம். பிறருக்குப் பிடித்தது எது என்பதைவிட, உங்கள் கை எதைத் தானாக நாடுகிறது என்பதைப் பாருங்கள். பேசிக்கொண்டிருக்கும்போது நூலை விரலில் சுற்றுபவர் பின்னலிலும், பயணச் சீட்டை மடித்துக்கொண்டே இருப்பவர் காகித மடிப்பிலும் எளிதில் ஒன்றிவிடுவதைக் கண்டிருக்கிறேன்.

பின்னல் கற்றுக்கொள்ள விரும்புகிறேன். எதிலிருந்து தொடங்க வேண்டும்?

4.5 முதல் 5 மில்லிமீட்டர் வரை தடிமனுள்ள இரண்டு ஊசிகளும், நடுத்தரத் தடிமனுள்ள, வழவழப்பான, வெளிர்நிறக் கம்பளி நூலும் போதும். கருப்பு, கருநீலம் போன்ற நிறங்களில் கண்ணிகள், அதாவது ஊசியில் விழும் நூல் வளையங்கள், விளக்கொளியில் சரியாகத் தெரியாது. கற்றுக்கொள்ளும் காலத்தில் அது பெரும் தொல்லை. 30 கண்ணிகள் ஏற்றி, எல்லா வரிசைகளையும் ஒரே வகைக் கண்ணியாகவே பின்னிக்கொண்டு போனால், சுமார் 17 சென்டிமீட்டர் அகலத்தில், இரு பக்கமும் ஒரே மாதிரி வரிவரியாகத் தெரியும் கழுத்துத் துண்டு உருவாகும். ஓரங்கள் சுருண்டுகொள்ளாத பின்னல் என்பதால் தொடக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமானது வேறு இல்லை.

ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் கண்ணிகளை எண்ணுங்கள். 30 இருக்க வேண்டிய இடத்தில் 31 இருந்தால், பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: ஊசியைத் திருப்பியதும் நூல் ஊசியின் மேல்புறமாகப் பின்னால் இழுபட்டிருக்கும்; அப்போது முதல் கண்ணி விரிந்து இரண்டு கண்ணிகள்போலத் தோன்றும், அவற்றை இரண்டாகவே பின்னிவிடுவோம். வரிசையைத் தொடங்குமுன் நூலை ஊசிக்குக் கீழாக இறக்கிவிட்டால் இந்தப் பிழை நேராது. இறுக்கமாகப் பின்னுவது மற்றொரு தொடக்ககாலச் சிக்கல். கண்ணி ஊசியில் வழுக்கிக்கொண்டு நகர வேண்டும், தள்ளித்தள்ளி நகர்த்த வேண்டியிருந்தால் தோள்களைத் தளர்த்திவிட்டு மீண்டும் தொடங்குங்கள்.

செயற்கை நூலைவிடக் கம்பளியை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் உண்டு. கம்பளி இழைகள் இயல்பாகவே சுருள் சுருளாக இருப்பதால் இடையில் காற்றைப் பிடித்துவைத்துச் சூட்டைக் காக்கின்றன. தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை ஈரத்தை உள்வாங்கியும் தொடுவதற்கு நனைந்ததுபோல இருக்காது. ஒரே எச்சரிக்கை: கம்பளி இழையின் மேற்பரப்பில் செதில்கள் இருப்பதால், வெந்நீரில் போட்டுத் தேய்த்தால் அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு துணி சுருங்கிக் கெட்டியாகிவிடும். வாரக்கணக்கில் பின்னியதை ஒரே சலவையில் இழக்காமல் இருக்க, வெதுவெதுப்பான நீரில் கசக்காமல் அலசிப் பரப்பி உலர்த்துங்கள். இரண்டு ஊசிகளைக் கையாளுவது கடினமாக இருந்தால் ஒற்றைக் கொக்கி ஊசியால் செய்யும் குரோஷேவை முயலலாம். அதில் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரே கண்ணிதான் ஊசியில் இருக்கும் என்பதால், கண்ணி நழுவிவிடுமோ என்ற கவலை குறைவு.

வெளியே விழும் பனியையே பொழுதுபோக்காக்கிக்கொள்ள முடியுமா?

முடியும். எனக்கு மிகவும் பிடித்த பரிந்துரையும் இதுதான். கருப்புத் துணி ஒட்டிய அட்டை ஒன்றையும் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடியையும் ஒரு மணி நேரம் முன்பே வெளியே வைத்துக் குளிரச் செய்யுங்கள். பிறகு வாசலில் நின்று, அட்டைமேல் விழும் பனித்துகள்களை மூச்சுக்காற்று படாமல் பாருங்கள். சில நாட்களில் வெறும் ஊசிகளாகவும், சில நாட்களில் தட்டையான அறுகோணத் தகடுகளாகவும், சில நாட்களில் ஆறு கிளைகள் விரிந்த விண்மீன்களாகவும் விழுவதைக் காணலாம்.

அறுகோணம் வருவதற்குக் காரணம், பனிக்கட்டியில் நீர் மூலக்கூறுகள் ஆறுமுனைக் கட்டமைப்பில் அடுக்கப்படுவதே. துகள் எந்த வெப்பநிலையில், எவ்வளவு ஈரத்தில் வளர்கிறது என்பதைப் பொறுத்து அதன் வடிவம் மாறும்: கழித்தல் 5 டிகிரி செல்சியஸை ஒட்டி ஊசிகளும், ஈரம் மிகுந்த மேகத்தில் கழித்தல் 15 டிகிரியை ஒட்டிக் கிளை விரிந்த விண்மீன்களும் உருவாகின்றன. ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் உகிச்சிரோ நகாயா 1936இல் முயல் முடியின்மேல் முதல் செயற்கைப் பனித்துகளை வளர்த்து இந்தத் தொடர்பை ஆராய்ந்தார். அவருக்கு அரை நூற்றாண்டு முன்பே, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிகோ என்ற ஊரில் வாழ்ந்த விவசாயி வில்சன் பென்ட்லி, கேமராவையும் நுண்ணோக்கியையும் இணைத்து, 1885 ஜனவரி 15 அன்று ஒற்றைப் பனித்துகளைப் படம் பிடித்தார். வாழ்நாளில் 5000க்கும் மேற்பட்ட துகள்களை அவர் படமெடுத்திருக்கிறார். பண்ணை வேலைக்கு நடுவே, பனி விழும் மாதங்களில், வெப்பமூட்டாத கொட்டகையில் நின்று ஒரு மனிதர் இவ்வளவு செய்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெரும் ஊக்கம் பிறக்கிறது.

கண்டதை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தால் அதுவே இரண்டாவது பொழுதுபோக்காகிவிடும். தேதி, காலை வெப்பநிலை, துகளின் வடிவம், புதுப்பனியின் ஆழம் ஆகியவற்றைத் தினமும் பதியுங்கள். ஆழத்தை அளக்க, காற்று வாரிக்கொண்டு போகாத இடத்தில் ஒரு பலகையை வைத்து, பனி நின்றதும் அளவுகோலைச் செங்குத்தாக இறக்கிப் பாருங்கள். அளந்த பிறகு பலகையைத் துடைத்து மீண்டும் வையுங்கள். பொதுவாக 10 சென்டிமீட்டர் புதுப்பனி உருகினால் சுமார் 1 சென்டிமீட்டர் நீர்தான் மிஞ்சும். பனி எவ்வளவு ஈரமானது என்பதைப் பொறுத்து இது கூடும், குறையும். ஒரு பாத்திரத்தில் எடுத்துவந்து உருக்கிப் பார்த்து, உங்கள் வாசலில் விழுந்தது எப்படிப்பட்ட பனி என்பதை நீங்களே கண்டறியலாம்.

காகிதத்தில் பனித்துகள் வெட்டினால் ஏன் ஆறு கிளைகள் வருவதில்லை?

சதுரத் தாளைப் பாதி பாதியாகவே மடித்துக்கொண்டு போவதால்தான் நான்கு அல்லது எட்டு கிளைகள் வருகின்றன. முதலில் மூலைவிட்டத்தில் மடித்து முக்கோணமாக்குங்கள். அதை மீண்டும் பாதியாக மடியுங்கள். இப்போது தாளின் மையம் செங்கோண முனையாக உங்கள் கையில் இருக்கும். அந்த 90 டிகிரி முனையை மூன்று சம பாகமாக, இடப்பாகத்தை முன்புறமும் வலப்பாகத்தைப் பின்புறமும் கொண்டுவந்து மடிக்க வேண்டும். அழுத்தி மடிப்பதற்கு முன், விளிம்புகள் ஒன்றோடொன்று பொருந்தும்வரை மெதுவாக நகர்த்திச் சரிசெய்துகொள்ளுங்கள். 12 அடுக்குகள் கொண்ட கூரிய ஆப்பு கிடைக்கும். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் வால்களை வெட்டி எறிந்துவிட்டு ஓரங்களில் விருப்பம்போல் வெட்டினால், விரிக்கும்போது ஆறு கிளைகள் சரியாக வரும். மெல்லிய தாளே இதற்கு ஏற்றது.

வெட்டாமல் மடிப்பதை மட்டும் விரும்புவோருக்கு ஓரிகாமி இருக்கிறது. ஜப்பானியக் கலைஞர் அகிரா யோஷிசாவா வகுத்த புள்ளிக்கோடுகளும் அம்புக்குறிகளும் கொண்ட குறியீட்டு முறை உலகெங்கும் பின்பற்றப்படுவதால், எந்த மொழியில் வந்த செய்முறைப் படத்தையும் பார்த்தே மடித்துவிடலாம்.

ஜன்னல் வழியே தெரியும் பனியை வரைய முயன்றால் சாம்பல் பூசியதுபோல ஆகிவிடுகிறது. என்ன செய்வது?

நீர்வண்ணத்தில் பனியை வரைவது என்பது பெரும்பாலும் தாளை வெறுமையாக விடுவதுதான். வெயில்படும் இடத்தில் எதையும் பூசாமல் விட்டுவிட்டு, நிழலை மட்டும் வரையுங்கள்; தெளிந்த நாளில் அந்த நிழல் வானத்தின் ஒளியைப் பெறுவதால் நீலமாகவே இருக்கும், கருப்புக் கலந்த சாம்பல் வேண்டாம். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாளை வாங்குங்கள், மெல்லிய தாள் நனைந்ததும் நெளிந்துவிடும்.

குடும்பத்தினர் சேர்ந்து செய்ய ஏதாவது உண்டா?

ஜிக்சா புதிர். 1760களில் லண்டனைச் சேர்ந்த வரைபடச் செதுக்குநர் ஜான் ஸ்பில்ஸ்பரி, நிலப்படத்தைப் பலகையில் ஒட்டித் துண்டுகளாக அறுத்து விற்றதிலிருந்து இது பரவியது. 1000 துண்டுகள் கொண்ட புதிர் முடிந்ததும் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் நீளமும் 50 சென்டிமீட்டர் அகலமும் இருக்கும் என்பதால், அதைத் தாங்கும் பலகையின்மேல் தொடங்கினால் மேசை தேவைப்படும்போது அப்படியே தூக்கி வைத்துவிடலாம். அவ்வழியே போகிறவர் யாராக இருந்தாலும் நின்று ஒரு துண்டைப் பொருத்திவிட்டுப் போகலாம். பேச்சு வராத நாட்களிலும் வீட்டாரை ஒரே மேசையைச் சுற்றி இது கூட்டிவிடுகிறது.

பனிக்காலத்தில் வீட்டுக்குள் ஏதாவது வளர்க்க முடியுமா?

கிழங்கிலிருந்து மலரும் பூச்செடிகள் இதற்கு மிகவும் ஏற்றவை. பேப்பர்ஒயிட் என்னும் வெள்ளை நார்சிசஸ் கிழங்குகளைக் கூழாங்கல் நிரப்பிய கிண்ணத்தில் நட்டு, கிழங்கின் அடிப்பாகத்தைத் தொட்டுக்கொண்டிருக்குமாறு நீர் விட்டால், நான்கு முதல் ஆறு வாரங்களில் மணமுள்ள பூக்கள் வரும். ஹயசின்த் கிழங்குகளுக்கு முதலில் பத்து வாரத்துக்கு மேல் குளிரும் இருட்டும் தேவை. ஆகவே அவற்றை இலையுதிர்காலத்திலேயே தொடங்கிவிட வேண்டும். இரண்டுமே உண்டால் நஞ்சு. குழந்தைகளுக்கும் செல்லப்பிராணிகளுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். தினமும் ஒரே அளவுகோலால் தண்டின் உயரத்தை அளந்து குறித்து வந்தால், காத்திருப்பதே ஒரு சுவையான வேலையாகிவிடும்.

ஜன்னலில் இருந்து பறவைகளைப் பார்க்க என்ன ஏற்பாடு வேண்டும்?

தீனித்தட்டை ஜன்னலுக்கு ஒரு மீட்டருக்குள்ளாகவோ பத்து மீட்டருக்கு அப்பாலோ வையுங்கள். இடைப்பட்ட தூரத்தில் வைத்தால் பறவைகள் வேகமெடுத்துப் பறந்து கண்ணாடியில் மோதிக்கொள்ளும். தட்டை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது கழுவ வேண்டும், ஏனெனில் கூட்டமாக வரும் பறவைகளிடையே நோய் தட்டின் வழியாகவே பரவும்.

தொலைக்காட்சியும் கைபேசியும் பொழுதுபோக்குத்தானே? அவை போதாதா?

பொழுது போகும் என்பது உண்மை. ஆனால் கைபேசியில் பார்த்ததில் மறுநாள் மேசைமேல் எதுவும் எஞ்சுவதில்லை. எங்கே நிறுத்துவது என்பதையும் நாம் தீர்மானிப்பதில்லை. கையில் பின்னலை வைத்துக்கொண்டு ஒலிநூல் கேட்பது இரண்டுக்கும் நடுவான நல்ல வழி. காப்புரிமைக் காலம் முடிந்த நூல்களைத் தன்னார்வலர்கள் வாசித்துப் பதிவு செய்யும் லிப்ரிவாக்ஸ் 2005இலிருந்து இயங்கிவருகிறது. அதில் எல்லாவற்றையும் கட்டணமின்றிக் கேட்கலாம்.

ஆர்வமாகத் தொடங்குகிறேன், ஒரு வாரத்தில் விட்டுவிடுகிறேன். இதை எப்படி மாற்றுவது?

பெரும்பாலும் இதற்குக் காரணம் சோம்பல் அன்று. மறுநாள் எங்கே தொடங்குவது என்று தெரியாத குழப்பமே காரணம். ஆகவே வேலையை ஒரு கட்டம் முடிந்த இடத்தில் நிறுத்தாமல், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். பின்னலில் வரிசை முடிந்ததும் அடுத்த வரிசையின் முதல் சில கண்ணிகளைப் பின்னிவிட்டு வையுங்கள். ஓவியத்தில் அடுத்துப் பூச வேண்டிய வண்ணத்தைத் தட்டில் எடுத்து வைத்துவிட்டு எழுந்திருங்கள். நேரத்தையும் ஏற்கெனவே நடக்கும் ஒரு செயலோடு இணைத்துவிடுவது நல்லது: இருட்டியதும் திரைச்சீலையை இழுத்துவிட்டு உட்கார்வது என்று வைத்துக்கொண்டால், கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அளவுக்கு மீறிய கடினமும் அளவுக்கு மீறிய எளிமையும் ஆர்வத்தைக் கெடுக்கும். முதல் கழுத்துத் துண்டே ஐந்து நிறச் சித்திரப் பின்னலாக இருக்க வேண்டியதில்லை. சில நாட்கள் விட்டுப்போனால் அதற்காக வருந்தாமல், விட்ட இடத்திலிருந்து எடுங்கள்.

தனியாக வாழ்கிறேன். இந்த அமைதியே எனக்குப் பாரமாக இருக்கிறது.

புதிதாக விழுந்த பனிக்குள் இருக்கும் காற்று இடைவெளிகள் ஒலியை உறிஞ்சிக்கொள்வதால், பனிநாளின் நிசப்தம் உண்மையிலேயே மற்ற நாட்களைவிட ஆழமானது. உங்கள் உணர்வு கற்பனை அன்று. அத்தகைய வீட்டில் அமைதியான பொழுதுபோக்கை இன்னொருவரை நோக்கிச் செய்யப்படும் வேலையாக மாற்றிக்கொள்ளுங்கள். அக்காவின் மகளுக்காகப் பின்னும் தொப்பி, பழைய நண்பருக்குக் கையால் எழுதும் கடிதம், பக்கத்து வீட்டுப் பெரியவருக்குக் கொடுக்கப்போகும் பூக்கிண்ணம் ஆகியவை, செய்யும் நேரம் முழுவதும் அவர்களை நம்மோடு உட்கார வைத்துவிடுகின்றன. வாரத்தில் ஒரு மாலை, தொலைபேசியில் ஒலிபெருக்கியைப் போட்டுக்கொண்டு இருவரும் அவரவர் வீட்டில் கைவேலை செய்துகொண்டே பேசலாம். வேலை இருப்பதால் இடையில் பேச்சு நின்றாலும் சங்கடமாக இருக்காது.

வெப்பமூட்டிய அறையில் நெடுநேரம் உட்கார்ந்து வேலை செய்யும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்?

காற்றின் வறட்சியைக் கவனியுங்கள். 0 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 5 கிராம் நீராவியையே தாங்கும். 20 டிகிரியில் சுமார் 17 கிராம் தாங்கும். எனவே குளிர்ந்த காற்று உள்ளே வந்து சூடாகும்போது அதன் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. தோல் வெடிப்பதும், நூலில் நிலைமின்சாரம் ஏறுவதும், மர இசைக்கருவிகளில் விரிசல் விழுவதும் இதனால்தான். கிட்டார், வீணை போன்றவற்றை உறையில் மூடி, ஹீட்டரிலிருந்து தள்ளி வையுங்கள்.

விளக்கு, வேலை செய்யும் கைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வரட்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தலையை உயர்த்தி, ஆறு மீட்டர் தொலைவில் உள்ள ஒன்றை இருபது விநாடிகள் பாருங்கள். மணிக்கட்டில் வலி தொடங்கினால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள்.

பனிப்புயலில் மின்சாரம் நின்றுவிட்டால்?

மெழுகுவர்த்தியை நூல், காகிதம், திரைச்சீலை ஆகியவற்றிலிருந்து குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். கைவேலைக்கு மின்கல விளக்கே நல்லது. கரி அடுப்பையோ ஜெனரேட்டரையோ எக்காரணம் கொண்டும் வீட்டுக்குள் இயக்கக் கூடாது. அவற்றிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. தெரியாமலே உயிரைப் பறித்துவிடும்.

பொழுதுபோக்கால் தீராத சோர்வை எப்படி அடையாளம் காண்பது?

முன்பு பிடித்திருந்த எதிலும் இரண்டு வாரங்களுக்கு மேலாக நாட்டமே இல்லாமல், உறக்கமும் பசியும் மாறி, அன்றாட வேலைகளும் தடைபட்டால் மருத்துவரைப் பாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் உடனே உதவி நாடுங்கள். பருவகால மனச்சோர்வு என்னும் நோய்நிலையை நார்மன் ரோசென்தாலும் உடன் ஆய்வாளர்களும் 1984இல் விவரித்தார்கள். அதற்குச் சிகிச்சை உண்டு. காலையில் சுமார் 30 நிமிடம் 10,000 லக்ஸ் ஒளிப்பெட்டியின்முன் அமர்வது அவற்றுள் ஒன்று. ஆனால் கண்நோய் உள்ளவர்களும் இருமுனை மனநோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடங்கக் கூடாது. நலமாக இருப்பவர்களும் பகலில் சிறிது நேரம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். புதுப்பனி தன்மேல் படும் ஒளியில் 80 முதல் 90 சதவீதம் வரை திருப்பி அனுப்புவதால், அந்தக் குறுகிய நடையிலேயே கண்ணுக்கு நிறைய வெளிச்சம் கிடைக்கும்.

பனி உருகிய பிறகு, பாதியில் நிற்கும் வேலைகளை என்ன செய்வது?

முடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை; அடுத்த குளிர்காலத்தில் தொடரும் வகையில் எடுத்துவைத்தால் போதும். பின்னலில் எந்த ஊசி, எத்தனை கண்ணிகள், எத்தனையாவது வரிசை என்று ஒரு சீட்டில் எழுதி அதிலேயே குத்திவையுங்கள். கண்ணிகளை ஒரு தடித்த நூலில் கோத்து மாற்றிவிட்டு ஊசியை எடுத்துவிடுவது நல்லது. மாதக்கணக்கில் ஊசியிலேயே இருந்தால் அந்த வரிசை மட்டும் இழுபட்டுத் தனியாகத் தெரியும். அந்துப்பூச்சியின் புழுக்கள் கம்பளியைத் தின்னும், வியர்வை படிந்த கம்பளியை இன்னும் விரும்பும். ஆகவே பயன்படுத்தியவற்றைக் கழுவி, நன்றாக உலர்த்தி, காற்றுப் புகாத பெட்டியில் மூடிவையுங்கள். பனிக் குறிப்பேட்டில் கடைசியாக, வாசலில் இருந்த பனி முழுவதும் உருகிய தேதியைப் பதியுங்கள். அடுத்த ஆண்டு ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.